ஓடாமல் நின்ற காரை வாங்கப் போகிறீர்களா?

கந்தப்பளை, இராகலை, நுவரெலியாப் பக்கத்து வியாபாரிகளிடையே ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. "இன்ன பங்களாவில் ஒரு கார் நிற்கிறதாம். நாலைந்து வருடமாக ஓடவில்லையாம். மீட்டர் கொஞ்சம்தான் காட்டுகிறதாம். ஒரே கை பாவித்ததாம். விலையும் சகாயமாம்." கேட்டவுடன் வாய் ஊறத்தான் செய்யும். ஆனால் கடையின் முதலில் கைவைத்து வாகனம் வாங்குகிற சிறு வியாபாரி, "ஓடவில்லை" என்ற சொல்லை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்வதா, கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்வதா என்று நிதானமாக யோசிக்க வேண்டும்.

இப்படி நின்ற வாகனங்கள் நம் நாட்டில் இவ்வளவு சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் பெற்றோலும் டீசலும் இல்லாமல் நாள்கணக்கில் வரிசையில் நின்றோம். அந்த வருடம் ஜூலையில் கியூஆர் முறை வந்து, வாரத்துக்கு இத்தனை லீட்டர் என்று அளந்து தந்தார்கள். 2023 செப்டெம்பரில்தான் அந்தக் கட்டுப்பாடு எடுபட்டது. இரண்டு வாகனம் வைத்திருந்தவர்கள் ஒன்றை மூடி வைத்தார்கள். பிள்ளைகளிடம் வெளிநாடு போனவர்கள் சாவியை அயலவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். கொவிட் காலத்தில் மௌத்தானவர்களின் கார்கள் வீட்டு முற்றத்தில் அப்படியே நின்றன. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறக்கப்பட்டாலும், வரிகளையெல்லாம் கூட்டிப் பார்த்தால் புதிய வாகனம் நம்மைப் போன்றவர்களின் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே மூடி வைத்த கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன.

வாகனம் நின்றால் தேயாது என்பது நம்மவர்களின் எண்ணம். தேயாது, உண்மை. ஆனால் உக்கும். ரப்பர் காய்ந்து வெடிக்கும். எண்ணெய் கீழே வடிந்து மேற்பகுதி உலரும். இரும்பு துருவேறும். அதிலும் கந்தப்பளை கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். மழையும் மூடுபனியும் ஈரமும் மாறி மாறி வருகிற இடம். கொழும்பில் ஒரு கார் ஒரு வருடம் நிற்பதும் இங்கே தகரக் கொட்டிலுக்குள் ஒரு வருடம் நிற்பதும் ஒன்றல்ல. இங்கே தார்ப்பாயால் இறுக்கி மூடி வைத்த கார் திறந்த வெளியில் நின்றதைவிட மோசமாக இருப்பதும் உண்டு. உள்ளே ஏறிய ஈரம் வெளியே போக வழியில்லாமல் சீட்டிலும் கூரைத் துணியிலும் பூஞ்சணம் பிடித்துவிடும்.

எத்தனை நாள் நின்றது?

எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். விற்பவர் "ஆறேழு மாதம்தான்" என்பார். அவர் வாயால் கேட்டதை வைத்துக்கொண்டு, வாகனத்திடமும் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தில் திகதி இருக்கிறது. காப்புறுதி அட்டையில் திகதி இருக்கிறது. புகைப் பரிசோதனைச் சான்றிதழில் திகதி இருக்கிறது. 2008 முதல் அந்தச் சான்றிதழ் இல்லாமல் லைசன் எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். கடைசியாக ஒயில் மாற்றியபோது ஒட்டிய துண்டு கதவு ஓரத்திலோ எஞ்சினுக்குப் பக்கத்திலோ இருக்கும். அதில் திகதியும் மீட்டர் கணக்கும் எழுதியிருப்பார்கள். பெட்டரியிலும் பெரும்பாலும் திகதி அடித்திருக்கும், அல்லது கடைக்காரர் கீறி வைத்திருப்பார்.

டயரையும் பாருங்கள். ஓரத்தில் டொட் என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில் நான்கு இலக்கம் இருக்கும். 3519 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது வாரத்தில் செய்த டயர். பூ எவ்வளவு ஆழமாக இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் ஏறி இறம்பொடை வளைவுகளில் இறங்க யாரும் துணியக் கூடாது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் பக்கச் சுவரை நகத்தால் அழுத்தி வெடிப்புப் பாருங்கள். நான்கு டயரின் திகதியும் ஸ்டெப்னியின் திகதியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்பதும் ஒரு தகவல்தான். முப்பதாயிரம் கிலோமீற்றர் மட்டும் ஓடியதாகச் சொல்லும் காரில் நான்கு டயரும் ஒருமுறை மாற்றப்பட்டிருந்தால் மீட்டரைப் பற்றிச் சந்தேகப்பட வேண்டும். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தாலும் அப்படியே.

இந்தத் திகதிகளையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு அதன் பிறகு விற்பவரிடம் இரண்டாம் முறை கேளுங்கள். வாய்க்கணக்கும் தாள்கணக்கும் ஒத்துப்போனால் அவர் சொல்லும் மற்ற விஷயங்களையும் ஓரளவு நம்பலாம்.

ஏன் நின்றது என்பதும் முக்கியம். வெளிநாடு போனதால் நின்ற கார் வேறு, எஞ்சின் சூடேறியதால் நிறுத்திய கார் வேறு. இரண்டாம் வகைக் காருக்கும் "வெளிநாடு" என்ற கதை சொல்லப்படுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்.

சாவியைத் திருப்ப விடாதீர்கள்

நம்மவர்கள் செய்யும் பெரிய அவசரம் இதுதான். போய் இறங்கியதும் "ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கள்" என்பது. உடனே ஒரு பெட்டரியைக் கொண்டுவந்து கம்பி மாட்டி உறுமவைப்பார்கள். வருடக்கணக்கில் நின்ற எஞ்சினுக்கு அதைவிடக் கெடுதி வேறில்லை. சிலிண்டர் சுவரில் எண்ணெய் இல்லை. பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொண்டிருக்கலாம். டாங்கியில் கிடக்கும் பழைய பெற்றோல் கோந்துபோல் மாறியிருக்கும். அதை இழுத்து கார்புரேட்டரிலோ இன்ஜெக்டரிலோ அடைத்துவிட்டால் அந்தச் செலவும் உங்கள் தலையில்தான் விழும்.

விற்பவரிடம் முன்கூட்டியே ஒன்று சொல்லி வையுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் முதலில் பொனட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்னமே ஓடவைத்துச் சூடாக்கியிருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சின் சொல்லும் உண்மையைச் சூடான எஞ்சின் சொல்லாது. அன்று தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்து, இன்னொரு நாள் சொல்லாமல் போவது நல்லது.

தெரிந்த மெக்கானிக் பாஸ் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒரு நாள் கூலியைச் செலவென்று எண்ண வேண்டாம். தரகர் கூட்டி வரும் பாஸ் தரகருக்குத்தான் பாஸ். கையில் நல்ல பெட்டரி ஒன்றும், ஐந்து லீட்டர் புதிய பெற்றோலும், டோர்ச் லைட்டும், ஒரு சிறு காந்தமும் இருக்கட்டும்.

முதலில் காரின் அடியில் நிலத்தைப் பாருங்கள். கறுப்பு எண்ணெய் ஒழுகிய தடமா, சிவப்பா, பச்சை நீரா? புதிதாக மணல் போட்டுக் கூட்டியிருந்தால் அதுவும் ஒரு பதில்தான். பிறகு டிப் ஸ்டிக். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் மட்டும் வெள்ளை நுரை கொஞ்சம் இருப்பது நம் குளிரில் சாதாரணம், அதைக் கண்டு பயப்படத் தேவையில்லை. டிப் ஸ்டிக்கிலும் அப்படி இருந்தால் சலாம் சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் செங்கல் நிறத்தில் இருக்கிறதா? வெறும் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே குழாய்கள் துருவால் அடைபட்டிருக்கும். நம் உயரத்தில் இது இரட்டைப் பிரச்சினை. கந்தப்பளையில் தண்ணீர் நூறு பாகைக்கு முன்பே, 93, 94 பாகையளவில் கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் தண்ணீர் பொங்காமல் இருக்கிறது. அந்தச் சின்ன மூடியின் ரப்பர் காய்ந்திருந்தால் ஏற்றத்தில் எஞ்சின் சூடேறும்.

இனி ப்ளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் ஒரு தேக்கரண்டி அளவு எஞ்சின் ஒயில் விட்டு, சற்றுப் பொறுத்து, கிராங்க் புலியில் ஸ்பானர் போட்டு பாஸ் கையால் சுற்றிப் பார்க்கட்டும். இரண்டு முழுச் சுற்று இலகுவாகச் சுற்றினால் நல்லது. இறுகினால் பலத்தைக் காட்டக் கூடாது. இதைச் செய்ய விற்பவர் அனுமதிக்கவில்லை என்றால் விலை அதற்கேற்ற விலையாக இருக்க வேண்டும். ஓடாத இரும்பின் விலை என்று சொல்ல வருகிறேன்.

டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினா, செயின் உள்ளதா என்று கேளுங்கள். பெல்ட் என்றால் அது கிலோமீற்றரால் மட்டுமல்ல, வயதாலும் சாகும். பல எஞ்சின்களில் ஓடும்போது பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடித்து வளைந்துவிடும். ஆகவே மாற்றிய பில் கையில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள்.

எயார் கிளீனர் பெட்டியைத் திறந்து பார்க்க மறக்காதீர்கள். மரக்கறித் தோட்டத்துக்குப் பக்கத்தில் நின்ற காரில் எலி குடும்பம் நடத்தியிருக்கும். கூடு மட்டும் என்றால் தட்டிவிடலாம். வயரைக் கடித்திருந்தால் எங்கே கடித்தது என்று தேடுவதே பெரிய வேலை. புதிய மொடல் கார்களில் அந்த வயர் வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிது.

ஸ்டார்ட் செய்யும்போது பழைய பெற்றோலைத் தொடாமல், முடிந்தால் வெளியே ஒரு கேனிலிருந்து குழாய் போட்டுப் புதிய பெற்றோலைக் கொடுக்கச் சொல்லுங்கள். அது முடியாத மொடல் என்றால் டாங்கியை வடித்துவிட்டு ஊற்ற வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் கிடந்த பெற்றோலை முகர்ந்தாலே தெரியும், பெயிண்ட் கடை வாடை அடிக்கும். 2022இல் கேன்களில் சேர்த்து வைத்துப் பாவித்தவர்களின் டாங்கிகளில் தண்ணீரும் இருக்கலாம். டீசல் வாகனம் என்றால் பில்டரின் அடியிலுள்ள தண்ணீர்த் திருகைத் திறந்து பார்க்க வேண்டும்.

எஞ்சின் பிடித்ததும் ஒயில் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். பிறகு பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஒயில் எரிகிறது. சிலிண்டரில் விட்ட ஒயில் எரிந்து தீர ஐந்து நிமிடம் கொடுங்கள். கறுப்பு என்றால் பெற்றோல் அதிகம். வெள்ளைப் புகையில்தான் நம் பகுதியில் ஏமாற்றமும் நடக்கிறது, வீண் பயமும் உண்டாகிறது. விடியற்காலைக் குளிரில் எல்லா வாகனமும் வெள்ளையாக ஆவி விடும். சூடானபின் நிற்க வேண்டும். அரைமணி நேரம் ஆகியும் நிற்காமல், ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டில் கோளாறு. அரைமணி நேரம் நிற்பதற்குத் தரகர் அலுத்துக்கொள்வார். அலுக்கட்டும்.

நிற்க வைப்பதுதான் நமக்கு முக்கியம்

மலையகத்தில் ஒரு வாகனம் ஓடுவதைவிட நிற்பது பெரிய காரியம். நானுஓயா ரதெல்ல குறுக்கு வழியில் 2023 ஜனவரியில் பஸ்ஸும் வேனும் மோதி ஏழு உயிர்கள் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நமது இறக்கங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லத்தான் அதைக் குறிப்பிட்டேன்.

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் உறிஞ்சும். டொட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் தாங்க வேண்டிய அளவு 140 பாகையாக இறங்கிவிடுகிறது. தட்டையான ரோட்டில் இது தெரியவே தெரியாது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி, எண்ணெய் கொதித்து, ஆவி உண்டானால் மிதி தரைக்குப் போய்விடும். நின்ற காரை வாங்கினால் வேறு எதை ஒத்திப்போட்டாலும் இந்த எண்ணெயை முதல் நாளே மாற்றுங்கள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்து நிறுத்தியிருந்தால் பின் சக்கரங்கள் டிரம்மோடு ஒட்டியிருக்கும். கிளச் தட்டும் அப்படியே ஒட்டியிருக்கலாம். கியர் விழாமல் கரகரக்கும். நான்கு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றாத சக்கரம் எது, சுற்றும்போது இரையும் பெயரிங் எது என்று தெரிந்துவிடும். பிரேக் ஹோஸ்களை மடக்கிப் பார்த்தால் வெடிப்புத் தெரியும்.

ஜாக்கியில் தூக்கியபோதே அடியையும் பார்த்துவிடுங்கள். கதவுக்குக் கீழுள்ள விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், ஸ்பிரிங் தாங்கும் இடம், காலடிப் பாயின் கீழுள்ள தகடு. டிங்கரிங் செய்து புட்டி அடைத்த இடத்தில் காந்தம் ஒட்டாது. அடிப்பகுதிக்கு மட்டும் புத்தம் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசியிருந்தால் அதை அழகுக்குப் பூசியதாக நான் நம்ப மாட்டேன். சீட் பெல்ட்டை முழுதாக வெளியே இழுத்துப் பாருங்கள். அதன் கடைசிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அது வெள்ளத்தில் நின்ற வாகனம். 2016 மே மாத வெள்ளத்தில் கொழும்பைச் சுற்றி எத்தனையோ வாகனங்கள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தையே புரட்டிப் போட்டது. அந்த வாகனங்கள் எல்லாம் காய்ந்து, கழுவி, வாசனை பூசிச் சந்தைக்கு வராமல் இருக்கப் போவதில்லை.

ஓட்டிப் பார்க்கும்போது இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். நம் உயரத்தில் காற்று ஐதாக இருப்பதால் டர்போ இல்லாத எஞ்சின் தன் பலத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். கொழும்பிலிருந்து வந்தவர் "இழுவை இல்லை" என்று சொல்லி விலை குறைப்பார். நாம் அதற்காக நல்ல காரை விட்டுவிடக் கூடாது.

ஹைபிரிட் காராக இருந்தால் கணக்கே வேறு. பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பெரிய பெட்டரிதான் எஞ்சினையே கிளப்புகிறது. வருடக்கணக்கில் நின்று அது இறங்கிப்போயிருந்தால், சிறிய பெட்டரியைப் புதிதாகப் போட்டாலும் பயனில்லை. கணினி பூட்டி ஒவ்வொரு பிளாக்கின் அளவையும் காட்டும் இடத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்காமல் ஹைபிரிட்டுக்கு ஒரு சதம் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

புத்தகம் யார் பெயரில்?

எனக்குத் தெரிந்த மரக்கறி வியாபாரி ஒருவர் நல்ல வேன் ஒன்றைப் பார்த்தார். எஞ்சின் குறையில்லை. விலையும் படிந்தது. புத்தகத்தைக் கேட்டபோதுதான் பதிவு பெற்ற உரிமையாளர் மௌத்தாகி மூன்று வருடம் என்பது தெரிந்தது. மூத்த மகன் விற்கிறார். தாயும் இரண்டு சகோதரிகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு விஷயமே தெரியாது. மையித்தின் சொத்தில் எல்லா வாரிசுக்கும் பங்கு இருக்கிறது என்பது நமக்குச் சொல்லித்தர வேண்டியதல்ல. மார்க்கத்தை ஒருபக்கம் வைத்தாலும், நாட்டுச் சட்டப்படியும் அந்த ஒரு கையெழுத்தால் பெயர் மாறாது. சட்டத்தரணியிடம் போய் எல்லா வாரிசுகளையும் சேர்த்து ஒழுங்கு செய்து தாருங்கள், வாங்குகிறேன் என்று அவர் எழுந்து வந்துவிட்டார். நின்ற கார்களில் இந்த வகை நிறைய.

புத்தகத்தில் முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததாகக் கம்பனியின் கடிதம் இல்லாமல் கை வைக்காதீர்கள். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கி ஐந்தாறு கை மாறிய வாகனம் என்றால், முதல் கையெழுத்துப் போட்டவர் இப்போது எங்கே என்று கேளுங்கள். எஞ்சின் இலக்கத்தையும் செசி இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விபரம் எடுத்துப் பார்க்கலாம். லைசன் எடுக்காத வருடங்களுக்கு நிலுவையும் தண்டமும் வரும். வாகனம் பாவனையில் இல்லை என்று உரிய காலத்தில் அறிவித்திருந்தால் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் அந்தத் தொகையை யார் கட்டுவது என்று விலை பேசும்போதே பேசிக்கொள்ளுங்கள், பிறகு பேச முடியாது.

"குறை இருந்தால் பிறகு வழக்குப் போடலாம்தானே" என்பவர்களுக்கு: நமது பொருள் விற்பனைச் சட்டம் 1896ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வாங்குகிறவன்தான் பார்த்து வாங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. பார்த்து வாங்கியவர், பார்த்தால் தெரிந்திருக்கக்கூடிய குறைக்காக பின்னர் முறையிடுவது கடினம். விற்கிற நம்மவர்களுக்கோ சட்டத்துக்கு மேலே ஒன்று இருக்கிறது. மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கைவிட்டு, அடியில் இருந்த ஈரத்தை வெளியே எடுத்த சம்பவம் தெரியாத வியாபாரி நம்மில் இல்லை. குறையைச் சொல்லி விற்றால் விலை குறையும். சொல்லாமல் விற்ற கந்தப்பளைக் கடைக்காரருக்கு வாங்கியவர் அடுத்த ஜும்ஆவில் பக்கத்து ஸப்பில் நிற்பார், அதையும் யோசிக்க வேண்டும்.

விலைக்கு வருவோம். பெட்டரி, நான்கு டயர், பிரேக் வேலை, எல்லா எண்ணெய்கள், பெல்ட், ஹோஸ்கள், டாங்கி கழுவுதல், நிலுவை. நின்ற காருக்கு இவை கட்டாயச் செலவுகள். பஞ்சிகாவத்தையில் ஒரு கோல் எடுத்தால் சாமான் விலை தெரியும். பாஸின் கூலியையும் கூட்டி, ஓடுகிற அதே மொடலின் விலையிலிருந்து கழியுங்கள். அதிலிருந்து இன்னும் ஒரு தொகையைத் தெரியாத குறைக்காகக் கழியுங்கள். அதுதான் உங்கள் உச்ச விலை. அதற்கு மேல் ஐம்பதாயிரம் என்றாலும் போகாதீர்கள். ஓடுகிற காரை வாங்குவதே இலாபமாகிவிடும்.

நின்றதெல்லாம் பாழ் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை பல வருடம் மூடிக்கிடந்துதான் 1996இல் ஹோட்டலாகத் திறந்தது. ஆனால் அதைத் திருத்தியவர்கள் என்ன செலவாகும் என்று முதலில் கணக்குப் பார்த்திருப்பார்கள்.

வாங்கிவிட்டால் அங்கிருந்தே ஓட்டி வர வேண்டாம். லைசனும் காப்புறுதியும் இல்லாமல் ரோட்டில் இறக்குவது குற்றம். வழியில் ஏதும் நடந்தால் ஒரு சதம் கிடைக்காது. லொறியில் ஏற்றி நேரே கராஜுக்குக் கொண்டுபோங்கள். புதிய ஒயில் போட்டு ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும் மறுபடி மாற்றுங்கள், உள்ளே ஊறிக் கிடந்த அழுக்கு அப்போதுதான் வெளியே வரும். முதல் இரண்டு வாரம் நுவரெலியா, இராகலையோடு நிறுத்திக்கொண்டு, தம்புள்ளைக்கும் பேலியகொடைக்கும் பிறகு போகலாம். லொறிக் கூலியை விற்பவரிடமே கேட்டுப் பாருங்கள். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் கார் போனால் போதும் என்று பலர் சம்மதிக்கிறார்கள்.